தோண்டியாச்சு... கரி எங்கே?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலர் என்றாலே மரம் வளர்ப்போம், நேரத்தைப் போற்றுவோம், வேலைவாய்ப்பும் நாமும் என்றுதான் கட்டுரைகள் வரும். அவையும் தேவைதான். ஆனால் நான் இந்த முறை வீடியோ கேம் பற்றி எழுதுகிறேன். "இதெல்லாம் ஒரு தலைப்பாடா?" என்று கேட்பவர்கள் மத்தியான இடைவேளையில் நம் மெக்கானிக்கல் வகுப்பை ஒரு தடவை எட்டிப் பார்க்கட்டும். பெஞ்சுக்கு மூணு செல்போன். மூணிலும் வாள் சுழல்கிறது, பூதம் சாய்கிறது. ஒரு மாணவன் தினமும் இரண்டு மணி நேரம் கொடுக்கிற விஷயம் எதுவானாலும் அது பேச வேண்டிய விஷயம்தான்.

"விளையாடாதே, உருப்படு" என்று உபதேசம் பண்ண நான் வரவில்லை. நானும் ஆடுகிறவன்தான். இனியும் ஆடுவேன். என் சண்டை ஆட்டத்தோடு அல்ல, ஆட்டம் கொடுக்கிற கூலியோடு!

ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி. என்ற ஆட்ட வகை பலருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீ ஒரு வீரன். குகைக்குள் போகிறாய், எதிரியை வெட்டுகிறாய். அவன் விழுந்ததும் கத்தி, கவசம், மோதிரம் என்று ஏதாவது ஒன்று கீழே விழும். அதை மாட்டிக்கொண்டு பலத்தை ஏற்றி, இன்னும் பெரிய எதிரியைத் தேடிப் போகிறாய். இப்படி விழும் பொருளுக்கு 'லூட்' என்று பெயர். லூட் என்றால் கொள்ளை. இதில் கொள்ளையடிப்பவன் யார், கொள்ளை போகிறவன் யார் என்பதுதான் என் கேள்வி.

மாணவர்கள் போட்ட விதை

இந்த ஆட்டங்களுக்கு முன்னோடி 1980-ல் வந்த 'ரோக்'. அதை ஆரம்பித்தவர்கள் மைக்கேல் டாய், க்ளென் விச்மன் என்ற இரண்டு பேர். கலிபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள், நம்மைப் போன்றவர்கள்தான். அதில் படம் கிடையாது. எழுத்துகளும் புள்ளிகளும்தான் குகை, பூதம், புதையல் எல்லாம். ஒவ்வொரு தடவை ஆடும்போதும் குகை மாறும், கிடைக்கும் பொருளும் மாறும். அடுத்த அறையில் என்ன இருக்கிறதோ என்ற ஆசைதான் அதன் உயிர்.

அந்த ஆசையை எடுத்து, படமும் சத்தமும் சேர்த்து, பிளிசார்டு கம்பெனி 1997 தொடக்கத்தில் 'டயாப்ளோ'வைக் கடைக்குக் கொண்டுவந்தது. 2000-ல் இரண்டாம் பாகம் வந்தது. உலகமே ஆடியது. நம்ம ஊர்ப் பக்கமும் பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அண்ணன்மார் சிலரைக் கேட்டால் கண் மின்னச் சொல்வார்கள்.

அதிர்ஷ்டம் கலந்த ஆட்டம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நம் பாட்டிமார் ஆடிய தாயக்கட்டத்தில் அதிர்ஷ்டம் இல்லையா? தாயம் விழாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்போம். ஆனால் கட்டை நாலு பேர் கண்ணுக்கு முன்னால்தான் உருளும். எல்லோருக்கும் அதே கட்டைதான். ஜெயித்தவனுக்கும் தோற்றவனுக்கும் மனசில் குறை இருக்காது.

குப்பை மேடு

இனி குறைக்கு வருவோம். 2012 மே மாதம் 'டயாப்ளோ 3' வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் ஓடிப்போய் வாங்கினார்கள். ஆடிப் பார்த்தால்? கோடாரி வீரனாக ஆடுகிறவனுக்கு மந்திரவாதியின் பொருள் விழுகிறது. விழுவதில் பாதிக்கு மேல் விற்றுத் தள்ளும் குப்பை. நல்ல பொருள் வேண்டுமா? ஆட்டத்துக்குள்ளேயே ஏலக்கடை ஒன்று திறந்தார்கள். அதில் நிஜப் பணம் கொடுத்தும் வாங்கலாம்! பத்து நாள் பூதம் வெட்டிக் கிடைக்காதது பத்து நிமிஷத்தில் கடையில் கிடைக்கும். அப்புறம் எவன் குகைக்குள் போவான்?

எதிரியை வெட்டிப் பொருள் எடுப்பதுதான் இந்த ஆட்டத்தின் அடிப்படை, ஏலக்கடை அதைக் கெடுக்கிறது என்று அந்தக் கம்பெனியே 2013-ல் ஒப்புக்கொண்டது. 2014 மார்ச் 18-ல் கடையை மூடியது. பொருள் விழும் முறையையும் அந்த வருஷமே மாற்றினார்கள். எண்ணிக்கையைக் குறைத்து, விழுவது ஆடுகிறவனுக்கு உதவும்படி செய்தார்கள். விட்டுப்போனவர்கள் பலர் திரும்பி வந்தார்கள். பாடம் படித்துவிட்டார்கள் என்று நினைத்தால், 2023-ல் வந்த நாலாம் பாகத்திலும் அதே புலம்பல். ஒவ்வொரு கவசத்தையும் எடுத்து, பொடி எழுத்துகளைப் படித்து, தூக்கிப் போடுவதிலேயே நேரம் போனது. 2024 மே மாதம் அதையும் திருத்த வேண்டி வந்தது.

இன்னொரு உதாரணம் 'பாத் ஆஃப் எக்ஸைல்'. 2013-ல் வந்தது, இலவசம். இதில் தரையில் கொட்டும் பொருளைப் பார்த்தால் தலை சுற்றும். அதனால் குப்பையைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்க ஆட்டக்காரர்களே ஒரு வடிகட்டியை எழுதிப் போட்டுக்கொள்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். பரிசு என்று கொடுக்கிறான். அதைப் பார்க்காமல் இருப்பதற்கு நாம் தனியாக ஒரு ஏற்பாடு செய்கிறோம்! இது பரிசா, தொல்லையா?

ஒரு கணக்கு போடுவோம்

நம் பையன்கள் செல்போனில் ஆடும் 'கென்ஷின் இம்பாக்ட்'டை எடுத்துக்கொள்வோம். 2020 செப்டம்பரில் வந்த ஆட்டம். அழகில் குறை சொல்ல முடியாது. பாட்டும் மலையும் கடலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் 'ஆர்ட்டிஃபாக்ட்' என்ற அணிகலன்களைச் சேர்க்கும் இடத்துக்கு வந்தால் கதை வேறு.

குகையில் ஜெயித்துப் பரிசு எடுக்க ஒவ்வொரு தடவையும் 20 'ரெசின்' கட்ட வேண்டும். ரெசின் 8 நிமிஷத்துக்கு ஒன்று ஊறும். நாள் முழுக்க 180. ஆக ஒரு நாளைக்கு 9 தடவை. மேல்நிலைக்குப் போன ஆட்டக்காரனுக்குத் தடவைக்கு ஒன்றாவது தங்க நிறப் பொருள் நிச்சயம் விழும். நல்லதுதானே என்கிறீர்களா? பொறுங்கள்.

ஒரு குகையில் இரண்டு வகை அணிகள் விழும். எனக்கு வேண்டியது ஒரு வகை. பாதி வாய்ப்பு போச்சு. ஒரு வகையில் 5 உருப்படிகள். எனக்கு வேண்டியது கிண்ணம் மட்டும். பத்தில் ஒன்று ஆச்சு. கிண்ணம் வந்தாலும் அதன் முக்கியப் பண்பு நெருப்பாக இருக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் திரட்டிய கணக்குப்படி அதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 5. எல்லாவற்றையும் பெருக்கினால் 200-ல் ஒன்று! அதற்குப் பிறகு நாலு துணைப் பண்புகள் வேறு. அதுவும் குலுக்கல்தான்.

நாளைக்கு 9 என்றால் 200 பொருள் சேர சுமார் 22 நாள். "சரிடா, 22 நாள் ஆடினா கிடைச்சிடும்ல?" என்றான் என் பக்கத்து பெஞ்ச் நண்பன். அங்கேதான் ஏமாறுகிறோம். ஒரு தடவை கிடைக்காமல் போகும் வாய்ப்பு 200-ல் 199. அதை 200 தடவை பெருக்கிப் பாருங்கள், கால்குலேட்டர் எல்லோரிடமும் இருக்கிறது. 0.367 வரும். அதாவது 22 நாள் தவறாமல் ஆடிய நூறு பேரில் 37 பேர் அன்றும் வெறுங்கை! இன்னொரு 22 நாள் ஆடினாலும் சுமார் 13 பேருக்கு ஒன்றும் வந்திருக்காது. கணிதப் பாடம் எதுக்குடா என்று கேட்கிறோமே, இதுக்குத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே ஆட்டத்தில் காசு கொடுத்தும் கதாபாத்திரங்களுக்காகக் குலுக்கலாம். அந்தப் பக்கத்தில் 0.6 சதவீதம் என்று வாய்ப்பை எழுதியே வைத்திருக்கிறார்கள். 90 தடவைக்குள் ஐந்து நட்சத்திரம் ஒன்று வந்தே தீரும் என்ற உத்தரவாதமும் உண்டு. ஆனால் நம் உழைப்பு போகும் பக்கத்தில், கேட்ட பண்பு கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிட்டத்தட்ட நாலு வருஷம் இல்லை. 2024 ஆகஸ்டில்தான் விரும்பிய பண்பைத் தேர்ந்தெடுத்துச் செய்துகொள்ள ஒரு வழி விட்டார்கள். அதுவும் அளவாகத்தான். காசுக்கு இருந்த மரியாதை உழைப்புக்கு வர நாலு வருஷம் ஆகியிருக்கிறது!

புறாவும் லாட்டரியும்

"பிடிக்கலைன்னா விட்டுட்டுப் போக வேண்டியதுதானே?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். விட முடியாதபடிதான் இது செய்யப்பட்டிருக்கிறது என்பதே விஷயம்.

அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னரும் அவரோடு வேலை செய்த ஃபெர்ஸ்டரும் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளை 1957-ல் பெரிய புத்தகமாகப் போட்டார்கள். புறா ஒரு வில்லையைக் கொத்தினால் தீனி விழும். இத்தனை கொத்துக்கு ஒரு தீனி என்று கணக்காக வைத்தால், தின்றுவிட்டுப் புறா கொஞ்சம் ஓய்வு எடுக்கும். எத்தனை கொத்துக்கு ஒரு தீனி என்று தெரியாதபடி மாற்றி மாற்றி வைத்தால்? ஓய்வே இல்லாமல் கொத்திக்கொண்டிருக்கும். தீனியை நிறுத்திய பிறகும் ரொம்ப நேரம் கொத்தும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "இன்னும் ஒரே ஒரு ரன்" என்று போனைத் தேய்க்கும்போது அந்தப் புறாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

புறா அமெரிக்காவில் இருக்கட்டும், நம் மாநிலத்துக்கு வருவோம். 2003-ல் தமிழ்நாடு அரசு லாட்டரிச் சீட்டைத் தடை செய்தது. ஏன்? கூலி வாங்கிய கையோடு சீட்டுக் கடைக்குப் போனவர்களின் வீட்டில் உலை கொதிக்கவில்லை. நாம் பிறப்பதற்கு முன் நடந்தது. ஆனாலும் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் வயசானவர்களைக் கேளுங்கள். "ஒரே ஒரு நம்பர்ல போச்சுப்பா" என்று இன்னைக்கும் சொல்லும் தாத்தா ஒருவராவது கிடைப்பார்.

என்னோடு படிக்கும் ஒருவன். பேர் வேண்டாம், ஆட்டத்தின் பேரும் வேண்டாம். பரீட்சைக் கட்டணத்துக்காக வீட்டில் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை ஆட்டத்துக்குள் பெட்டி திறக்கப் போட்டுவிட்டான். வந்தது ஒரு தொப்பி, இரண்டு சாயம். கடைசி நாளில் வகுப்பில் பத்து பேர் சேர்ந்து பணம் போட்டுக் கட்டினோம். அவன் அப்பாவுக்கு அது ஒரு நாள் சம்பளத்துக்கு மேல். அவன் எங்களிடம் சொன்னது என்ன தெரியுமா? "இன்னும் ஒரே ஒரு பெட்டி திறந்திருந்தா வந்திருக்கும்டா!" அந்தத் தாத்தா சொன்னதற்கும் இவன் சொன்னதற்கும் என்ன வித்தியாசம்?

வெளிநாடுகள் சும்மா இல்லை. எந்தப் பொருள் விழ எவ்வளவு வாய்ப்பு என்பதை ஆட்டக் கம்பெனிகள் வெளியிட வேண்டும் என்று சீனா 2017 மே முதல் விதி வைத்தது. காசுக்குத் திறக்கும் குலுக்கல் பெட்டி சூதாட்டமே என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல் சொல்லிவிட்டது. 2022-ல் செல்போனுக்கு வந்த 'டயாப்ளோ இம்மார்ட்டல்' பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் வெளியிடப்படவே இல்லை.

சுரங்கத்து ஊர்க்காரன் சொல்கிறேன்

என் வாதத்துக்கு எதிர்வாதமும் உண்டு. "ஈசியா கிடைச்சா மவுசு இருக்காது மச்சி. கஷ்டப்பட்டு வந்தாத்தான் அது பொருள்" என்பார்கள். இதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நான் மறுக்கவில்லை.

கஷ்டத்தைப் பற்றி நெய்வேலிக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 1957 மே மாதம் நேரு வந்து தொடங்கிவைத்த சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961-ல்தான். நாலு வருஷம் வெறும் மண்! கீழேயிருந்து முட்டிக்கொண்டு வரும் ஊற்றுத் தண்ணீரை இரவும் பகலும் இறைத்தாக வேண்டும். இன்றைக்கும் ஒரு டன் கரி எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. பக்கெட் வீல் சுற்றுவதும் கன்வேயர் ஓடுவதும் முக்கால்வாசி மண்ணுக்காகத்தான்.

அந்த நாலு வருஷமும் மனம் தளராமல் தோண்டினார்களே, எப்படி? 1940-களிலேயே துளை போட்டுப் பார்த்திருந்தார்கள். எத்தனை அடியில் கரி, எவ்வளவு கனத்தில் கரி என்று கணக்கு கையில் இருந்தது. ஒவ்வொரு வாளி மண் வெளியே போகும்போதும் கரி ஒரு வாளி கிட்டே வந்தது. அதுதான் உழைப்பு. குலுக்கல் லூட்டில் அப்படியா? 199 தடவை தோண்டியவனும் அன்றைக்குத்தான் மண்வெட்டியைத் தொட்டவனும் இருநூறாவது தடவை ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். நேற்று தோண்டிய குழியை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ மூடிவிட்டுப் போனது மாதிரி! கஷ்டப்படுவதற்கு நான் தயார். பட்ட கஷ்டம் எங்காவது எழுதி வைக்கப்பட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. ஷிப்டு முடித்தால் ஒரு நாள் கூலி. அதில் குலுக்கல் கிடையாது. அம்மா பூக் கட்டி விற்கிறார். "உன் கை சின்னக் கையாச்சே" என்று வாங்குகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் முழம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படிதான் விழும். இப்படி அளந்து வரும் காசில் வாங்கிய போனும் டேட்டாவும்தான் என் கையில் இருக்கிறது. எனக்குக் கிடைக்கும் ஓய்வு இரண்டு மணி நேரம். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு அதுவும் சொத்துதான். அந்தச் சொத்தை வாங்கிக்கொள்பவன் அளவு சொல்லாமல் வாங்கினால் கோபம் வராதா?

மூன்று கேள்விகள்

ஆகவே நண்பர்களே, புது ஆட்டம் ஒன்றைப் போனில் ஏற்றுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, வாய்ப்பு எவ்வளவு என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா? எழுதாதவனிடம் முழம் இல்லை என்று அர்த்தம்.

இரண்டு, உச்சவரம்பு உண்டா? இத்தனை தடவைக்குள் நிச்சயம் என்று ஒரு எல்லை இருக்க வேண்டும். காசு கொடுப்பவனுக்கு மட்டுமல்ல, உழைக்கிறவனுக்கும்.

மூன்று, குப்பைக்கும் பயன் உண்டா? நம்ம அனல்மின் நிலையத்தில் எரிந்து மிஞ்சும் சாம்பல்கூடச் செங்கல் ஆகிறது. அதுபோல வேண்டாத பொருளை உடைத்து வேண்டியதைச் செய்துகொள்ள வழி இருக்க வேண்டும். 'டயாப்ளோ 3'-ல் 2015-ல் ஒரு மாயப்பெட்டி வந்தது. உபயோகப்படாத அபூர்வப் பொருளை அதில் போட்டு, அதன் சக்தியை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். ஆட்டத்தின் ருசி அதனால் குறையவில்லை, கூடியது. மனசு வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால் அந்த ஆட்டத்தை அழித்துவிட்டு வேறு ஆட்டம் ஆடுங்கள். நல்ல ஆட்டங்களுக்குப் பஞ்சமில்லை. சாயங்காலம் மைதானத்தில் இறங்கினால் வாலிபாலுக்கு ஆள் தேவைப்படுகிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன்!

கம்ப்யூட்டர் துறை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு உங்களில் யாராவது ஆட்டம் எழுதும் வேலைக்குப் போகலாம். 'ரோக்' எழுதியவர்களும் மாணவர்கள்தான் என்பதை மறக்க வேண்டாம். "இந்தப் பொருள் விழும் வாய்ப்பைக் குறை, அப்போதான் கடையில் விற்கும்" என்று மேலதிகாரி சொல்லும் நாள் வரும். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை மறந்து போனைத் தேய்த்த நம் வகுப்புப் பையன்களை நினைத்து, ஒரு கேள்வியாவது கேளுங்கள்.

கேட்போம் நண்பர்களே, எல்லோரும் கேட்போம்! உழைத்தவன் கூலி கேட்பது பிச்சை ஆகாது. அது ஆட்டத்திலும் அப்படித்தான்.